விடுபட்டதா, விட்டுவிட்டார்களா?

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி



ஆங்கிலத்தில் ‘ஒமிட்’ என்று ஒரு சிறு சொல் உண்டு. நான்கே எழுத்து. அகராதியைப் புரட்டினால் ‘விட்டுவிடு, சேர்க்காமல் விடு, செய்யத் தவறு’ என்று பொருள் போட்டிருக்கும். அதைக் கோடிட்டுவிட்டு அகராதியை மூடிவிடுவோம். ஆனால் இச்சொல் அவ்வளவு எளிதில் மூடிவைக்கக் கூடியதன்று என்பது என் கருத்து. திருத்தணியில் வாழும் நமக்கு இச்சொல்லோடு ஒரு தனிக் கணக்கே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தேர்வுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இச்சொல்லை எழுதும்போது நம்மில் பலர் ‘எம்’ எழுத்தை இரண்டாகப் போட்டுவிடுகிறோம். ஒன்றே போதும். ‘ஒமிட்டட்’ என்று இறந்தகாலம் ஆகும்போது கடைசி எழுத்துதான் இரட்டிக்கும். ‘ஒமிஷன்’ என்று பெயர்ச்சொல் ஆகும்போது இரட்டிப்பது ‘எஸ்’. பட்டியலில் ஒரு பெயரை விட்டுவிட்டால் ‘ஒமிட்’டுக்குப் பின் ‘ஃப்ரம்’ வரும். ஒரு செயலைச் செய்யாமல் விட்டால் ‘டு’ வந்து அதன்பின் வினைச்சொல் வரும். ‘கையெழுத்திடத் தவறினாள்’ என்பதை அப்படி எழுதலாம். ஆக, சேர்க்க வேண்டியதைச் சேர்க்காமையும் செய்ய வேண்டியதைச் செய்யாமையும் இந்த ஒரே சொல்லில் அடங்குகின்றன.

இதன் வேர் இலத்தீன் மொழியில் இருக்கிறது. ‘மித்தெரே’ என்றால் அனுப்புதல், போகவிடுதல். அட்மிட், பெர்மிட், சப்மிட் எல்லாம் அந்த வேரிலிருந்து கிளைத்தவை. மிஷன், மிஷனரி என்ற சொற்களும் அப்படியே. திருப்பலிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘மாஸ்’ என்ற பெயர்கூட, வழிபாட்டின் முடிவில் மக்களை அனுப்பிவைக்கும் இலத்தீன் வாசகத்தில் உள்ள ‘மிஸ்ஸா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் சிஸ்டர்களைத் தம் ஊரும் உறவும் விட்டு இங்கே அனுப்பிவைத்த சொல்லும், ஒரு பட்டியலிலிருந்து ஒருத்தியின் பெயரைக் கைநழுவ விடும் சொல்லும் உடன்பிறந்தவை என்பது வியப்பாக இல்லையா?

இச்சொல்லுக்கு அண்டை வீட்டார் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் ‘எக்ஸ்க்ளூட்’. இலத்தீனில் ‘மூடு’ என்னும் வேரிலிருந்து வந்தவர். வெளியே நிறுத்திக் கதவை மூடுவது என்று பொருள். மடத்தைக் குறிக்கும் ‘க்ளாய்ஸ்டர்’ என்ற சொல்லும் அதே வேர்தான். தானே உள்ளே சென்று கதவை மூடிக்கொண்டால் மடம். பிறரை வெளியே நிறுத்தி மூடினால் விலக்கு. இன்னொருவர் ‘எக்ஸெப்ட்’. இது வெளியே எடுத்துவைப்பது. இதையும் ‘ஏற்றுக்கொள்’ என்னும் ‘அக்ஸெப்ட்’டையும் குழப்பிக்கொண்டு எத்தனை மதிப்பெண்களை நாம் இழந்திருக்கிறோம்!

இம்மூன்றும் ஒரே பொருளுடையவை என்று நினைப்பது பெருந்தவறு. விலக்கியவனுக்கு, தான் விலக்கியது தெரியும். விலக்கப்பட்டவனுக்கும் தெரியும். நடுவே மூடிய கதவு எல்லோர் கண்ணிலும் படும். கண்ணில் படுவதால்தான் அதைத் தட்டவும் திறக்கவும் முடிகிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழையக் கூடாது என்று தாழ்த்தப்பட்ட மக்கள் விலக்கப்பட்டிருந்தார்கள். 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் அவர்களுடன் உள்ளே சென்றார். கதவு எங்கே இருந்தது என்று தெரிந்ததால் எங்கே நுழைய வேண்டும் என்பதும் தெரிந்தது. ‘ஒமிஷ’னில் கதவே இல்லை. வெறும் சுவர்தான் இருக்கும். அங்கே ஒரு வாசல் இருந்திருக்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றாது.

விவிலியத்தில் இதற்கு ஓர் அருமையான சான்று இருக்கிறது. அப்பங்களைப் பலுகச் செய்து இயேசு ஐயாயிரம் பேருக்கு உணவளித்ததை நான்கு நற்செய்தியாளர்களும் எழுதியிருக்கிறார்கள். மாற்கு, லூக்கா, யோவான் மூவரும் ஆண்களின் தொகையை மட்டும் சொல்கிறார்கள். மத்தேயு ஒருவர்தான், பெண்களும் சிறுபிள்ளைகளும் நீங்கலாக என்ற கருத்தைச் சேர்க்கிறார். முதன்முதலில் இதைக் கவனித்தபோது எனக்கு மத்தேயுவின் மேல் கோபம்தான் வந்தது. எண்ணும்போது நம்மை ஏன் நீக்கினார் என்று தோன்றியது. பிறகு மற்ற மூவரையும் திறந்து பார்த்தேன். அங்கே நாம் இருந்த சுவடே இல்லை! ‘நீங்கலாக’ என்று எழுதியதால்தான் அந்தப் புல்தரையில் தாய்மார்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து அப்பம் உண்டார்கள் என்பது இன்று நமக்குத் தெரிகிறது. நீக்கிச் சொன்னவர் நம்மைக் காட்டிக்கொடுத்தார். அந்த மூவரின் ஏட்டில் நாம் மறைந்துபோனோம்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘பெயர் விடுபட்டுவிட்டது’ என்று நாம் சொல்கிறோம். பத்திரிகையில் திருத்தம் போடுவோரும், விழா அழைப்பிதழ் அச்சிடுவோரும், அலுவலகங்களில் பட்டியல் தயாரிப்போரும் ஒருவர்போல் சொல்வது இதைத்தான். இவ்வாக்கியத்தில் எழுவாய் எது? பெயர். பெயர் தானே எழுந்து, தானே நடந்து, தானே வெளியே போய்விட்டதாம்! விட்டவர் யார் என்பது வாக்கியத்திலேயே இல்லை. ‘பெயரை விட்டுவிட்டோம்’ என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் பொறுப்பு இருக்கிறது.

ஆங்கிலமும் இதில் சளைத்ததன்று. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றும் பயிற்சியில், செய்தவர் யார் என்று தெளிவாகத் தெரியாவிட்டால் ‘பை தெம்’, ‘பை சம்வன்’ என்பவற்றை எழுத வேண்டியதில்லை, விட்டுவிடலாம் என்று கற்றுத்தருகிறார்கள். இலக்கணப்படி அது சரிதான். ஆனால் செய்தவரை வாக்கியத்திலிருந்து விடுவதற்கு இலக்கணமே வழி செய்து கொடுத்திருக்கிறது என்பதையும் நாம் கவனித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் விடுவதெல்லாம் குற்றமா என்று தோழியர் கேட்கலாம். இல்லை. இவ்வாண்டு தமிழில் தொகைநிலைத் தொடர்கள் படித்தோமே, அவை முழுவதும் விடுவதைப் பற்றியவைதாமே! ‘திருத்தணி சென்றாள்’ என்பதில் ‘கு’ உருபு மறைந்திருக்கிறது. ‘பால் குடித்தான்’ என்பதில் ‘ஐ’ மறைந்திருக்கிறது. இவற்றை விட்டதால் யாருக்கும் நட்டமில்லை. ஏனெனில் படிக்கும் எவரும் அவற்றைத் திரும்ப எடுத்து அதே இடத்தில் வைத்துவிட முடியும். ‘தொக்கி நிற்கிறது’ என்று நம் இலக்கணம் சொல்வது எவ்வளவு அழகு! போய்விடவில்லையாம், மறைந்து நிற்கிறதாம்.

நம் அரசியலமைப்புச் சட்டத்திலும் இந்த நேர்மையைக் காணலாம். சொத்துரிமையைப் பற்றிய ஓர் உட்பிரிவு 19ஆம் பிரிவில் இருந்தது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்தால் அது நீக்கப்பட்டு, 1979 ஜூன் 20 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சட்டம் அங்கே பயன்படுத்தும் ஆங்கிலச் சொல் ‘ஒமிட்டட்’ என்பதே. அச்சிட்ட நூலில் அவ்விடத்தில் விண்மீன் குறிகள் இட்டு, எந்தத் திருத்தம் எந்த நாளில் அதை நீக்கியது என்று அடிக்குறிப்பும் போட்டிருக்கிறார்கள். விட்டதைச் சொல்லிவிட்டு விடுகிறார்கள். மேற்கோள் எழுதும்போது நடுவில் சில சொற்களை விட்டால் மூன்று புள்ளி வைக்க வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான்.

கடைக்காரர்களுக்கும் இச்சொல் பழக்கமானதே. கடைப் பில்லின் அடியில் ‘இ அண்டு ஓ இ’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிழைகளும் விடுதல்களும் நீங்கலாக என்பது அதன் பொருள். கூட்டலில் தவறியிருந்தாலோ எதையாவது எழுதாமல் விட்டிருந்தாலோ பிறகு திருத்திக்கொள்ளும் உரிமையை வியாபாரி முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொள்கிறார். வீட்டில் நம் தாய்மார்களுக்கு இந்தச் சலுகை கிடையாது என்பது வேறு விஷயம்.

ஆகவே நான் ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டிருக்கிறேன். விடப்பட்டதைப் படிப்பவர் திரும்ப எடுத்துவைக்க முடியுமா? முடியுமானால் அது சுருக்கம். முடியாவிட்டால் அது அநீதி. இந்த அளவுகோலைக் கொண்டு இப்போது நம் ஊரை அளந்து பார்ப்போம்.

நம் திருத்தணி மலை இருந்த இடத்தை விட்டு நகர்ந்ததில்லை. ஆனால் அதைச் சுற்றி மாவட்டங்கள் நகர்ந்துகொண்டே இருந்திருக்கின்றன. டாக்டர் இராதாகிருஷ்ணன் 1888இல் இங்கே பிறந்தபோது திருத்தணி வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் புதிதாக உருவாக்கப்பட்டபோது அதில் சேர்ந்தது. 1960இல் செங்கற்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபோது அதில் அமைந்தது. அப்பெரியாரின் பிறந்த ஊர் எந்த மாவட்டம் என்று பொது அறிவுத் தேர்வில் கேட்டால், எந்த ஆண்டில் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

இவற்றுள் 1953க்கும் 1960க்கும் இடைப்பட்ட காலம்தான் என் கட்டுரைக்கு உரியது. தெலுங்கு பேசும் மக்களுக்குத் தனி மாநிலம் வேண்டும் என்று சென்னையில் உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் ஆந்திர மாநிலச் சட்டத்தை இயற்றியது. 1953 அக்டோபர் 1 அன்று கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் பிறந்தது. சென்னை மாநிலத்திலிருந்து எந்தெந்த மாவட்டங்கள் புதிய மாநிலத்துக்குச் செல்கின்றன என்று அச்சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம், கிழக்குக் கோதாவரி, மேற்குக் கோதாவரி, கிருஷ்ணா, குண்டூர், நெல்லூர், கர்நூல், அனந்தப்பூர், கடப்பா, சித்தூர்.

சித்தூர்! அந்த ஒரு சொல்லுக்குள் திருத்தணி மறைந்திருந்தது. ‘திருத்தணியும் போகிறது’ என்று எவரும் எழுதவில்லை. ‘திருத்தணி நீங்கலாக’ என்றும் எழுதவில்லை. நம் ஊரின் பெயரே அந்தப் பட்டியலில் இல்லை. எழுதாத பெயரோடு ஒரு வட்டம் முழுவதும் மாநிலம் மாறியது.

மாவட்டத்தைப் பிரித்து எழுத முடியாதே, என்ன செய்வது என்று யாரேனும் கேட்டால் அதற்கும் விடை அதே பட்டியலில் இருக்கிறது. பெல்லாரி மாவட்டம் முழுவதையும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஆலூர், ஆதோனி, ராயதுர்க்கம் என்று மூன்று வட்டங்களை மட்டும் பெயர் சொல்லி எழுதினார்கள். ஆகவே வட்டம் வட்டமாகப் பார்க்கச் சட்டத்துக்குத் தெரிந்திருந்தது. பெல்லாரிக்குப் பார்த்த கண் சித்தூருக்குப் பார்க்கவில்லை. இதை விடுபட்டது என்பதா, விட்டுவிட்டார்கள் என்பதா? தோழியரே முடிவு செய்துகொள்ளட்டும். என் முடிவை இக்கட்டுரையின் தலைப்பைப் பார்த்தே ஊகித்திருப்பீர்கள்.

அந்த ஒரு தொடரை, ‘திருத்தணி நீங்கலாக’ என்பதை, எழுதவைக்க எத்தனை பேர் பாடுபட்டார்கள்! மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளி செல்ல இயலாத ம.பொ.சிவஞானம் அவர்கள் 1946இல் தொடங்கிய தமிழரசுக் கழகம் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தியது. இப்பகுதி ஊர்களில் தமிழ் கற்பித்துவந்த மங்கலங்கிழார் என்னும் ஆசிரியர் அதற்குத் துணை நின்றார். ம.பொ.சி. அவர்கள் 1953இல் திருத்தணியில் கைது செய்யப்பட்டார். சிறை சென்றவர்கள் பலர். வேங்கட மலையையே தமிழகத்தின் வட எல்லையாகச் சொல்லும் தொல்காப்பியப் பாயிரத்தை அவர்கள் சான்றாக எடுத்துக் காட்டினார்கள். ஒரு தமிழாசிரியரும், பள்ளிப்படிப்பை இழந்த ஒருவரும் இலக்கண நூலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக்காக வாதாடினார்கள் என்பதை நினைத்தால், இலக்கணப் பாடம் கசக்கிறது என்று நாம் முணுமுணுப்பது சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

பின்னர் ஹெச்.வி. பட்டாஸ்கர் நடுவராக அமைந்து எல்லையை ஆராய்ந்தார். மாவட்டம், வட்டம் என்று பெரிய பெரிய துண்டுகளாகப் பார்க்காமல் கிராமத்தை அலகாகக் கொண்டார். அங்கே எம்மொழி பேசுவோர் மிகுதி, அந்தக் கிராமம் எந்தப் பகுதியோடு தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பார்த்தார். அவர் பரிந்துரையின்படி 1959இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. ஆறரை ஆண்டு! ஒரு பட்டியலில் இரண்டு சொல் எழுதாமல் விட்டதைத் திருத்த ஆன காலம் அது.

இதைத் தமிழர் வெற்றி என்று மட்டும் எழுதி முடித்தால் நானும் விட்டுவிட்டவள் ஆவேன். அதே சட்டத்தால் செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில கிராமங்கள் ஆந்திராவுக்குச் சென்றன. திருப்பதி ஆந்திராவிலேயே இருந்துவிட்டது. கோட்டை எங்கே போட்டாலும் அதன் அந்தப் பக்கத்தில் சில தமிழ் வீடுகளும் இந்தப் பக்கத்தில் சில தெலுங்கு வீடுகளும் இருக்கவே செய்யும். நம் வகுப்பிலேயே பள்ளியில் தமிழும் வீட்டில் தெலுங்கும் பேசும் தோழியர் இருக்கிறார்கள். நம் ஊர்க் கடைத்தெருவில் இரண்டும் கலந்தே ஒலிக்கின்றன. வடக்கெல்லை வரலாற்றைச் சொல்லும்போது அவர்கள் வீட்டாரையும் நீங்கலாக்காமல் சொல்ல வேண்டும் என்பதே என் விருப்பம். பட்டாஸ்கர் செய்ததில் எனக்குப் பிடித்தது முடிவு அன்று, முறைதான். ஒவ்வொரு கிராமத்தையும் பெயர் சொல்லிப் பார்த்தார்.

நம் மலையில் டிசம்பர் 31 அன்று நடக்கும் படித் திருவிழாவை எல்லோரும் பார்த்திருப்போம். 365 படிகளிலும் படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுவார்கள். கால் வலிக்கிறது என்று நான்கு படிகளைத் தாண்டிவிட்டு ஐந்தாவதில் பாடுவதில்லை. பட்டியல் போடுகிறவர்கள் எல்லோரும் அந்தப் பஜனைக் கோஷ்டியோடு ஒருமுறை மலையேறி வந்தால் நன்றாயிருக்கும்.

செய்யாமல் விடுதல் என்ற மற்றப் பொருளையும் பார்ப்போம். திருப்பலியின் தொடக்கத்தில் பாவ அறிக்கை மன்றாட்டு சொல்கிறார்கள். எண்ணம், சொல், செயல் ஆகியவற்றால் செய்த பாவங்களோடு, கடமையில் தவறியதையும் அதில் அறிக்கையிடுகிறார்கள். இந்த நான்காவது பகுதி பழைய வழிபாட்டு நூலில் இல்லை என்பதை அறிந்தபோது திகைத்துப்போனேன். 1570ஆம் ஆண்டின் உரோமைத் திருப்பலி நூலில் முதல் மூன்றும்தான் இருந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1970இல் வெளிவந்த புதிய நூலில்தான் ‘ஒமிஷன்’ என்பதற்குரிய இலத்தீன் சொல் சேர்க்கப்பட்டது. விடுதலைப் பற்றிய சொல்லே நானூறு ஆண்டுகள் அந்த மன்றாட்டில் விடப்பட்டிருந்தது! ஆனால் அக்கருத்து புதிதன்று. கடைசித் தீர்ப்பைப் பற்றி மத்தேயு எழுதும் பகுதியில் இடப்பக்கம் நிறுத்தப்படுவோர் திருடியவர்களோ கொன்றவர்களோ அல்லர். பசித்தவனுக்கு உணவு கொடாதவர்கள், நோயாளியைப் பார்க்கப் போகாதவர்கள். வள்ளுவரும் தெரிந்து செயல்வகை அதிகாரத்தில், செய்யக் கூடாததைச் செய்வதாலும் கேடு, செய்ய வேண்டியதைச் செய்யாமையாலும் கேடு என்று இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறார்.

சட்டமும் அப்படியே. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ‘செயல்’ என்று வரும் இடமெல்லாம் சட்டவிரோதமாகச் செய்யாமல் விடுவதையும் குறிக்கும் என்று ஒரு பிரிவு உண்டு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இக்கருத்து தொடர்கிறது. பழைய சட்டம் தந்த எடுத்துக்காட்டு ஒன்று மனத்தை உலுக்கும். உணவு கொடுக்கும் கடமை உள்ளவன் வேண்டுமென்றே பாதி பட்டினி போட்டும் பாதி அடித்தும் ஒருவனைச் சாகவிட்டால், அவன் செய்தது கொலையே. நான் ஒன்றுமே செய்யவில்லையே என்ற வாதம் அங்கே செல்லாது.

பெண்களாகிய நமக்கு இச்சொல் இன்னும் நெருக்கமானது. 1951-52இல் நம் நாட்டில் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. வாக்காளர் பட்டியல் எடுக்க வீடு வீடாகச் சென்றபோது, பல மாநிலங்களில் பெண்கள் அந்நியரிடம் தம் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிவாயிற்று. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அவற்றை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் இல்லாத பதிவுகளை நீக்கச் சொன்னார். அவ்வாறு நீக்கப்பட்ட பெண்கள் ஏறத்தாழ 28 இலட்சம் பேர்! அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. நீக்கியதையும் எண்ணிக்கையையும் அவர் எழுதிவைத்தார். அதனால் நமக்குத் தெரிகிறது. அவர்களை முதலில் விட்டது அலுவலகமன்று, வீடு. வாசலில் வந்து நின்றவர் கேட்குமுன்பே அந்தப் பெயர்கள் அடுக்களையில் தொலைந்துபோயிருந்தன. மறைந்து நிற்கும் ‘கு’ உருபைப்போல் அவற்றை இனி யாராலும் எடுத்துவைக்க முடியாது. மத்தேயு எழுதிய மூதாதையர் பட்டியலில்கூட சாலமோனின் தாய்க்குப் பெயர் இல்லை, உரியாவின் மனைவி என்றே வருகிறாள். அவளுடைய பெயர் பத்சேபா என்பது பழைய ஏற்பாட்டில் இருப்பதால் நாம் அதை எடுத்துவைக்கிறோம். 28 இலட்சம் பேருக்குப் பழைய ஏற்பாடு எங்கே இருக்கிறது?

அது பழங்கதை என்று சொல்லிவிட முடியாது. நம் பெயருக்கு முன் நிற்கும் எழுத்து பெரும்பாலும் தந்தையுடையது. தாயின் எழுத்து விடுபட்டதா, விடப்பட்டதா? ‘தாய் தந்தை’ என்ற உம்மைத்தொகையில் ‘உம்’ மட்டும்தான் மறைகிறது, தாய் மறைவதில்லை. இலக்கணத்துக்கு இருக்கும் இந்த நீதி வருகைப் பதிவேட்டுக்கு இல்லை. தந்தையரைக் குறைத்துச் சொல்வதாகப் பெற்றோர் எண்ண வேண்டாம். இரண்டு எழுத்துக்கும் பெயருக்கு முன்னால் இடம் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

நம் தமிழுக்கே உரிய ஓர் ‘ஒமிஷன்’ உண்டு. ‘மற்றும் பலர்’ என்பதுதான் அது. சினிமா சுவரொட்டியில் கதாநாயகன், கதாநாயகி பெயர்களுக்குப் பின் அது வரும். எந்தப் பள்ளியின் ஆண்டு மலரை எடுத்தாலும் நன்றியுரையின் கடைசி வரியில் அது வரும். சிறப்பு விருந்தினர், தாளாளர், தலைமையாசிரியை, ஆசிரியைகள், பெற்றோர், மற்றும் பலருக்கும் நன்றி. அந்தப் பலர் யார்? நாம் வருமுன் வகுப்பறையைப் பெருக்குகிறவர்கள், மணியடிக்கிறவர், வாயிலில் நிற்கிறவர், சமைக்கிறவர்கள், கழிவறையைக் கழுவுகிறவர்கள். அவர்களை நாம் ஆயா என்றும் அண்ணா என்றும் அழைக்கிறோம். பத்தாண்டு படித்து வெளியேறும் மாணவிகளில் எத்தனை பேருக்கு அவர்கள் பெயர் தெரியும்? படிப்பவர் எடுத்துவைக்க முடியுமா என்ற என் அளவுகோலில் ‘மற்றும் பலர்’ தேறவில்லை.

ஆகவே மலர்க்குழுவில் உள்ள சிஸ்டருக்கு ஒரு விண்ணப்பம். இவ்வாண்டு மலரில் அரைப் பக்கம் அவர்களுக்கு ஒதுக்க வேண்டும். அடைமொழி எதுவும் வேண்டாம். பெயரும், எத்தனை ஆண்டாகப் பணி செய்கிறார் என்பதும் போதும். இருவர் சேர்ந்து சென்ற வாரம் எல்லோரையும் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். மொத்தம் பதினோரு பேர். பத்துப் பேர் உடனே சொன்னார்கள், அதில் ஒருவர் தம் பெயரில் வருவது சிறிய ‘ர’வா பெரிய ‘ற’வா என்றுகூடச் சரிபார்த்தார். கீழ்த்தளத்து ஆயா மட்டும், “எம் பேரு எதுக்கு பாப்பா, ஆயான்னே போடு” என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை மீண்டும் கேட்கப் போகிறோம். அதுவரை அச்சகத்துக்கு அனுப்பாமல் அந்த ஒரு வரியைக் காலியாக வைத்திருக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.